குங்குமக் கடிவாளம்

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். எந்தக் கதையில்தான் ராஜா இல்லை? அவரைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார வையுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் ஏறிய குதிரையை. அதிலும் அதன் வாயை. அந்த நாட்டில் அத்தனை பேர் இருந்தும் அதை மட்டும்தான் ஒருவரும் கவனிக்கவில்லை.

நாட்டின் பெயர் நெடுங்கல். ராஜா மகிழவராயர். அவருடைய பட்டத்துக் குதிரை பவளன், பெயருக்கேற்ற செந்நிறம். பவளனைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரன் நல்லணன். நல்லணனின் மனைவி சிலம்பாயி. லாயத்துக் குதிரைகளுக்கெல்லாம் கொள்ளு வேகவைப்பது அவள் வேலை. கையில் இருந்த வேகம் நாக்கிலும் உண்டு. "சிலம்பாயி அடுப்பு அணைந்தாலும் வாய் அணையாது" என்று லாயத்தில் சொல்வார்கள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வார்கள்.

பட்டத்துக் குதிரைக்கென்று அந்த நாட்டில் மூன்று வழக்கங்கள் இருந்தன.

முதல் வழக்கம்: நாட்டின் முதல் ராஜா தன் குதிரைக்குப் போட்ட கடிவாளத்தையே, பின்னால் வருகிற எல்லாப் பட்டத்துக் குதிரைக்கும் போட வேண்டும். குலக்கடிவாளம் என்று அதற்குப் பெயர். இருபக்க வளையம் தங்கம். வாய்க்குள் போகிற கம்பி இரும்பு.

இரண்டாம் வழக்கம்: ஒவ்வொரு தடவை பூட்டும்போதும் அந்தக் கம்பியில் சந்தனமும் குங்குமமும் அப்ப வேண்டும். பழையதைக் கழுவக் கூடாது. குங்குமத்தைக் கழுவினால் அமங்கலமாம். பழையதன்மேல் புதியது, புதியதன்மேல் அதற்கடுத்தது என்று ஏழு தலைமுறையாக அப்பி அப்பி, கம்பி சேப்பங்கிழங்கு மாதிரி பருத்திருந்தது.

மூன்றாம் வழக்கம் சட்டமாகவே இருந்தது. பட்டத்துக் குதிரையின் வாயை யாரும் பிளந்து பார்க்கக் கூடாது. பல்லைப் பார்த்தால் குதிரையின் வயது தெரியும். பட்டத்துக் குதிரையின் வயதை எண்ணுவதும் ராஜாவின் ஆயுளை எண்ணுவதும் ஒன்றாம். பார்த்தவன் கையை வெட்டிவிடுவார்கள். அதனால் நல்லணன் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, கைத்தடவலிலேயே கடிவாளத்தை மாட்டுவான்.

இதெல்லாம் போதாதென்று ஜனங்கள் தாங்களாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். பவனி போகும்போது குதிரையின் வாயிலிருந்து சிவப்பாக நுரை வழியும். கடிவாளத்துக் குங்குமம் கரைந்து வருகிறது என்று அதை முண்டியடித்து ஏந்துவார்கள். பரிக்குங்குமம் என்று பெயர் வைத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். புருஷனுக்கு ஆயுள் கெட்டி என்று பெண்கள் தாலியிலும் தொட்டு வைப்பார்கள். சிலம்பாயியும்தான் வைத்தாள். அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?

நவராத்திரியின் முதல் நாள். ராஜா பவளன்மேல் ஏறிப் பவனி வந்தார். சிலம்பாயி மற்றப் பெண்களோடு வீதியோரம் நின்றாள்.

தேர்முட்டி திரும்பும் இடத்தில் ராஜா கடிவாள வாரை இழுத்தார். பவளன் தலையை ஒரு உதறு உதறியது. மறுபடி இழுத்தார். மறுபடி உதறியது. மூன்றாம் தடவை இழுத்தபோது அது கழுத்தை அண்ணாந்து வீசிய வீச்சில், பிடரி ராஜாவின் மூக்கில் மோதி, பட்டத்துத் தலைப்பாகை கழன்று உருண்டு போய்ச் சாணத்தில் விழுந்தது.

பத்தாயிரம் பேர் நின்ற வீதி. எங்கோ ஒரு கைக்குழந்தை ஏப்பம் விட்டது கேட்டது. வேறு சத்தம் இல்லை.

ராஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வழுக்கைத் தலை வெயிலில் மின்னியது. அது வழுக்கை என்று அன்றுவரை ராணிக்குத்தான் தெரியும்.

"பத்தாம் நாள் பரிவேட்டை" என்றார். குதிரையேறி ஊர் எல்லைக்குப் போய் ராஜா அம்பு விடுகிற நாள் அது. "அன்றைக்கு இந்தக் குதிரையின் தலை ஒழுங்காக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதன் தலையும் நிற்காது, பழக்கத் தெரியாத குதிரைக்காரன் தலையும் நிற்காது."

சிலம்பாயியின் கண்ணெதிரில் நல்லணனைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எப்போதும் ஓயாத அவள் நாக்கு அன்றைக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

அரண்மனையில் ஆளுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. குதிரை ஏன் தலையை உதறுகிறது என்று கண்டுபிடிக்க மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் சோதிடர் வந்தார். குதிரை பிறந்த நாழிகையைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அதனாலென்ன, அவராகவே ஒன்றை வைத்துக்கொண்டு கட்டம் போட்டார். "கேது பார்வை. தெற்கே பார்த்து நிற்கும் குதிரையை வடக்கே பார்த்து நிறுத்துங்கள்" என்றார். வாலைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார். வாயை மட்டும் பார்க்கவில்லை. வடக்கே பார்த்து நின்ற குதிரையில் படைத்தலைவர் ஏறினார். அது தலையை உதறியது.

அடுத்து மந்திரவாதி வந்தார். "தலையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கூந்தலை உலர்த்துகிறாள், அதுதான் ஆட்டம்" என்றார். வேப்பிலையால் அடித்தார். மிளகாய்ப் புகை போட்டார். காதைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். வாயை மட்டும் பார்க்கவில்லை. தும்மித் தும்மிக் களைத்த குதிரையில் படைத்தலைவர் ஏறினார். அது முன்னைவிட பலமாக உதறியது.

மூன்றாவதாகத் துறைமுகத்திலிருந்து ஒரு குதிரை வணிகன் வந்தான். ஏழு கடல் தாண்டியவன், ஆயிரம் குதிரை விற்றவன். "இது திமிர். திமிருக்கு மருந்து கயிறு" என்றான். பவளனின் தாடையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். முதுகைப் பார்த்தான், மார்பைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான். வாயைப் பார்க்கலாமா என்று கேட்டான். சட்டத்தைச் சொன்னார்கள். கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டு, "தேவையில்லை, திமிர்தான்" என்றான்.

படைத்தலைவர் ஏறி வாரை இழுத்தார். தலையை உதற முடியாத குதிரை, முன்னங்கால் இரண்டையும் தூக்கி நேராக எழுந்து நின்று கத்தியது. குதிரை அப்படிக் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. படைத்தலைவர் பின்பக்கமாக விழுந்தார். பவளனின் வாயிலிருந்து நுரை கொட்டியது.

வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது. எதற்கு? குதிரையைப் பார்க்க என்றா நினைத்தீர்கள்? நுரையை ஏந்தத்தான்.

"இந்த வருஷம் பரிக்குங்குமம் அமோகம்" என்றாள் ஒருத்தி, தாலியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு.

அது எட்டாம் நாள்.

அன்று மத்தியானம் சிலம்பாயி குளத்துப் படியில் நல்லணனின் துண்டைத் துவைத்தாள். கடிவாளம் பூட்டும்போது அவன் தோளில் கிடக்கிற துண்டு. சிறையில் இருப்பவனுக்கு மாற்றுத் துண்டு கொண்டுபோக வேண்டும். எங்கு பார்த்தாலும் சிவப்புக் கறை. கரைத்த புளியை எடுத்து ஊற்றினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதானே குங்குமம்? புளிப்புப் பட்டால் சிவப்பு ஓடிப்போய்ப் பழையபடி மஞ்சளாகிவிடும். அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரிந்த விஷயம். நாடாளுகிறவர்களுக்குத்தான் தெரியாது.

துண்டின் ஒரு முனை மஞ்சளானது. அது கையில் ஒட்டிய குங்குமத்தை வழித்த முனை.

மறுமுனை குதிரையின் வாயைத் துடைத்தது. அங்கே ஓரமாக நாலு புள்ளி மஞ்சளானதோடு சரி. மற்றதெல்லாம் சிவப்பாகவே நின்றது. இன்னும் கொஞ்சம் புளி ஊற்றினாள். அப்போதும் மஞ்சளாகவில்லை. கசக்கினாள். காய்ந்த ரத்தம் கசங்குகிற மாதிரிக் கசங்கியது. பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கறையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சிலம்பாயி தன் தாலியைத் தூக்கிப் பார்த்தாள். அதன் பள்ளத்தில் போன பவனியின் பரிக்குங்குமம் காய்ந்து கிடந்தது. விரலில் புளித்தண்ணீரைத் தொட்டு அதன்மேல் வைத்தாள். நிறம் மாறவில்லை.

துவைகல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பவளன் வெறும் கயிற்றில் நடக்கும்போது தலையை உதறியதில்லை. தண்ணீர் குடிக்கும்போது உதறியதில்லை. கொள்ளு தின்னும்போது உதறியதில்லை. ஆனால் முழுக் கொள்ளைத் தொடாது. கூழாக மசித்து வைத்தால்தான் தின்னும். 'பட்டத்துக் குதிரையாம், பவிசைப் பாரு' என்று அவளே அதைத் திட்டியிருக்கிறாள். மென்று துப்பிய புல்லுருண்டைகள் தொட்டியடியில் கிடக்கும். அதையும் அவள்தான் பெருக்கிப் போட்டிருக்கிறாள். வாரை இழுத்தால் மட்டும்தான் உதறல்.

நேரே சிறைக்குப் போனாள். கஞ்சிக் கலயத்தைக் கம்பிக்குள் நீட்டினாள்.

"ஏங்க, ஒரு நாளாவது அது வாய்க்குள்ள பார்த்தீங்களா?"

"என்ன பேச்சுப் பேசுற புள்ளே? பார்த்தா கை போயிரும்."

"பாக்காததால இப்ப தலை போகுது. எது லாபம்?"

நல்லணன் கஞ்சியைக் குடிக்காமல் கலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாட்டும்போது கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும்" என்றான் மெதுவாக. "சூடா இருக்கும். குங்குமம் சூடா இருக்குமான்னு ஒரு நாள் நினைச்சேன். அதுக்கு மேல நினைக்கப் பயமா இருந்துச்சு."

சிலம்பாயி அவனைத் திட்ட வாயெடுத்தாள். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பத்தாம் நாள் வந்தது. அரண்மனை வாசலில் மேளம். ராஜா புதுத் தலைப்பாகையோடு, இந்தத் தடவை தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு, பவளன்மேல் ஏறி உட்கார்ந்தார். ஒரு பக்கம் நல்லணன் கை கட்டப்பட்டு நின்றான். அவன் பின்னால் வாளோடு ஒருவன். வீதியெங்கும் நெற்றியில் சிவப்புப் பொட்டோடு ஜனங்கள்.

சிலம்பாயி கையில் ஒரு கிண்ணத்தோடு குதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"யார் இவள்?" என்றார் மந்திரி.

"கொள்ளு வேகவைக்கிறவ, சாமி. இன்னைக்குத் தாலி அறுக்கப் போறவளும் நான்தான். கொஞ்சம் புளித்தண்ணி கொண்டாந்திருக்கேன்."

"புளித்தண்ணியா? வாசலில் ரசம் வைக்கப் போகிறாயா?"

கூட்டம் சிரித்தது.

"வைக்கிறேன், சாமி. முதல்ல உங்க நெத்தியைக் காட்டுங்க. அது கோயில் குங்குமம்தானே?"

மந்திரி முகம் கடுத்தது. ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. தலையசைத்தார். சிலம்பாயி ஒரு வெள்ளைத் துணியை மந்திரியின் நெற்றியில் ஒற்றியெடுத்தாள். சிவப்பு. புளித்தண்ணீரை ஊற்றினாள். எல்லாரும் பார்க்க அது மஞ்சளானது.

"இது குங்குமம்" என்றாள். "மகாராஜா, வாரை ஒரு தடவை இழுங்க."

ராஜா இழுத்தார். பவளன் உதறியது. தெறித்த நுரையை இன்னொரு வெள்ளைத் துணியில் ஏந்தினாள். சிவப்பு. புளித்தண்ணீரை ஊற்றினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கிண்ணம் காலியாகும்வரை ஊற்றினாள்.

சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"இது ரத்தம்" என்றாள் சிலம்பாயி.

மேளக்காரன் கோலைக் கீழே வைத்தான். பிறகு ஒரு கை நெற்றிக்குப் போனது. அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. வீதி முழுக்கக் கைகள் நெற்றிக்குப் போய், தொடத் துணியாமல் பாதியில் நின்றன. ஒருத்தி தன் பிள்ளையின் நெற்றியை முந்தானையால் துடைத்தாள். பொட்டு போன பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை வலித்து அழுதது.

"வாயைத் திறந்து பார்க்க வேண்டும்" என்றார் ராஜா.

"சட்டம் இருக்கிறது, மகாராஜா" என்றார் மந்திரி. "தங்கள் ஆயுளை எண்ணுகிற குற்றம்."

"மத்தவங்க எண்ணினாதானே குத்தம்?" என்றாள் சிலம்பாயி. "தன் ஆயுளைத் தானே எண்ணிக்கிறதுக்கு மகாராஜா யாரைக் கேக்கணும்?"

ராஜா இறங்கினார். கடிவாளத்தைக் கழற்றினார். தன் கையாலேயே பவளனின் வாயைத் திறந்தார்.

நாக்கு குறுக்கே வெட்டுப்பட்டு, ஆறி, ஆறிய இடத்திலேயே மறுபடி வெட்டுப்பட்டு, வரப்புப் போட்ட மாதிரி தடித்துக் கிடந்தது. கடைவாய் இரண்டும் அழுகியிருந்தன. நாற்றத்தில் மந்திரி ஓரடி பின்வாங்கினார். ராஜா நகரவில்லை. பவளனும் நகரவில்லை. அவர் கைக்குள் வாயை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. அது தலையை உதறவில்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கக்கூட இல்லை.

சிலம்பாயி கடிவாளத்தை வாங்கினாள். அமங்கலமா மங்கலமா என்று கேட்கவில்லை. சாம்பலும் புளியும் கொண்டுவரச் சொல்லி, அடிபிடித்த பானையைத் தேய்க்கிற மாதிரித் தேய்த்தாள். ஏழு தலைமுறைச் சந்தனம் பட்டை பட்டையாக உரிந்தது. அடியில் இரும்பு தெரிந்தது. நடுவில் அது வெடித்துப் போயிருந்தது. வாரை இழுத்தால் அந்த வெடிப்பு மேலே அப்பிய பூச்சையும் பிளந்துகொண்டு பாக்குவெட்டி மாதிரித் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வெட்டு.

ராஜா அதில் கட்டைவிரலை வைத்தார். சிலம்பாயி வளையத்தை லேசாக இழுத்தாள். ராஜாவின் விரலிலிருந்து ரத்தம் வந்தது. குதிரையின் ரத்தமும் அதுவும் ஒரே நிறமாக இருந்தன.

"பவளனுக்கு முன்னால் இருந்த பட்டத்துக் குதிரை என்ன ஆயிற்று?" என்று லாயத் தலைவரைக் கேட்டார்.

"தலையை உதறியது, மகாராஜா. அடங்காத குதிரை என்று வெட்டினோம். குதிரைக்காரனையும்தான்."

"அதற்கு முன்னால்?"

"அதுவும் உதறியது."

"அதற்கும் முன்னால்?"

லாயத் தலைவர் குனிந்துகொண்டார். "லாயத்துக்குப் பின்னால் எட்டுக் குழி இருக்கிறது, மகாராஜா."

அந்தக் குதிரைகளில் ஒன்றை வெட்டியபோது ராஜா ஆறு வயதுப் பிள்ளை. அப்பாவின் தோளில் உட்கார்ந்து கை தட்டியது அவருக்கு நினைவு வந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சட்டத்தை யார் போட்டது, எதற்குப் போட்டது என்று பழைய ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து படித்தார்கள். படிக்காமலே இருந்திருக்கலாம். முதல் ராஜா, ஐந்து வயதுக் குதிரை என்று நம்பி ஒரு வணிகனிடம் குதிரை வாங்கினாராம். அது பல் தேய்ந்த கிழட்டுக் குதிரை. ஏமாந்தது ஊருக்குத் தெரிந்தால் வெட்கம். அதனால் ஒருவரும் அதன் வாயைப் பார்க்கக் கூடாது என்று கட்டளை போட்டாராம். அவ்வளவுதான் விஷயம். ஆயுளும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மனுஷருடைய வெட்கத்தை மறைக்க எட்டுக் குதிரை, எத்தனையோ குதிரைக்காரர்கள்.

அன்று பரிவேட்டை நின்றுவிடவில்லை. நல்லணனின் கட்டை அவிழ்த்தார்கள். பவளனின் கழுத்தில் வெறும் கயிற்றைப் போட்டார்கள். ராஜா ஏறவில்லை. ஊர் எல்லைவரை குதிரையின் பக்கத்தில், தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார். வழியெல்லாம் ஜனங்கள் வாசலில் நின்றார்கள். யார் நெற்றியிலும் பொட்டு இல்லை. பவளன் ஒரு தடவைகூடத் தலையை உதறவில்லை.

குலக்கடிவாளத்தைக் கொல்லன் உலையில் போட்டு உருக்கினார்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் நல்லணன் எல்லாக் குதிரையின் வாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடிவாளம் பூட்டினான். பவளனின் வாய் ஆற ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை சிலம்பாயி கொள்ளை மசித்தே வைத்தாள். "பவிசைப் பாரு" என்று அதற்கப்புறம் அவள் ஒரு நாளும் சொல்லவில்லை.

கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய நீதி இவ்வளவுதான்: எதிர்த்துத் தலையை உதறுகிற உயிரைத் தண்டிப்பதற்கு முன்னால், அதன் வாயில் நாம் வைத்திருப்பது என்ன என்று திறந்து பார்க்க வேண்டும்.